காருக்குக் கீழே மாமா

சனிக்கிழமை நிர்மலன் மாமா ஒரு புதிய பவர் ஸ்டியரிங் பம்புடன் லண்டன் நோர்பரியில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வந்தார். சிறுமி பெனிற்றாவின் அம்மாவுடைய காரில் பழைய பம்ப் செத்துப்போயிருந்தது. இரண்டு கைகளாலும் இழுத்தாலும் ஸ்டியரிங் பாதிதான் திரும்பியது. வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கவனிப்பது அம்மாவின் வேலை. ஒரு வாரமாக பஸ்ஸில் அலைந்து களைத்துவிட்டார்.

"இதென்ன பெரிய வேலை? தேத்தண்ணி ஆறமுதல் முடிச்சிடுவன்," என்றார் மாமா.

ஜாக்கால் காரை உயர்த்தி, முன் சக்கரத்தைக் கழற்றினார். பம்பின் கடைசி போல்ட் கீழே இருந்தது. மாமா தரையில் மல்லாந்து படுத்தார்.

"மாமா, நில்லுங்கோ! ஸ்டாண்ட் எங்கை?" என்று பெனிற்றா கத்தினாள்.

"என்ன ஸ்டாண்ட்?"

"காரைத் தாங்கிற ஸ்டாண்ட். நானும் அம்மாவும் வீடியோவிலை பார்த்தனாங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் கீழை போகக்கூடாது."

"ஒரு போல்ட்தான் பிள்ளை. ரெண்டு நிமிஷம்."

பெனிற்றா சட்டென்று காருக்கும் மாமாவுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.

"எழும்பு!"

"ஏலாது."

"அம்மாவைக் கூப்பிடவோ?"

"கூப்பிடுங்கோ."

மாமா கூப்பிட்டார். அம்மா வந்து இருவரையும் பார்த்தார். "தம்பி, அவள் சொல்லுறதைச் செய்," என்றார்.

பெனிற்றா பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். சூசைதாசன் அங்கிளிடம் பழைய இரும்பு ஸ்டாண்ட் ஒன்று இருந்தது. அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மூச்சு வாங்கத் தூக்கி வந்தாள். மாமா முணுமுணுத்தபடி அதைக் காருக்குக் கீழே வைத்துவிட்டு உள்ளே நுழைந்தார்.

போல்ட் துருப்பிடித்து இறுகியிருந்தது. மாமா பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பேனரை இழுத்தார்.

கார் ஆடியது. ஜாக் சரிந்தது.

டங்!

அம்மா வீரிட்டார். பெனிற்றா காரருகே ஓடினாள். காருக்கு வெளியே மாமாவின் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. அவை அசையவில்லை.

"மாமா?"

ஒரு கால் மெல்ல மடங்கியது. பிறகு மற்றது. மாமா அங்குலம் அங்குலமாக வெளியே வந்தார். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. கார் இரண்டு விரலளவு இறங்கி, ஸ்டாண்டின் மேல் உட்கார்ந்திருந்தது.

மாமா அந்த ஸ்டாண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அவருடைய தலையைத் தடவினார். பெனிற்றா அப்போதுதான் அழத் தொடங்கினாள்.

வெகுநேரம் கழித்து, சூசைதாசன் அங்கிள் கடைக்குப் போய் இன்னொரு ஸ்டாண்டும் நல்ல ஜாக்கும் வாங்கிவந்தார்.

மாமா கீழே போகுமுன் திரும்பிப் பார்த்தார். "இப்ப போகலாமோ, பிள்ளை?"

பெனிற்றா குனிந்து இரண்டு ஸ்டாண்டுகளையும் ஆட்டிப் பார்த்தாள். "ஓம். இப்ப போங்கோ."

மாலையில் புதிய பம்ப் பூட்டியாயிற்று. அம்மா ஸ்டியரிங்கை ஒரு விரலால் திருப்ப, அது வழுக்கிக்கொண்டு சுழன்றது. அங்கிள் கைதட்டினார்.

மாமா கைதட்டவில்லை. பெனிற்றாவின் கையைப் பிடித்திருந்தவர், அதை இன்னும் விடவில்லை.