ஊடு நாள்

பள்ளிக்கூட வாசலில் பனையோலைக் கொட்டான் ஒன்று தொங்கும். உள்ளே போகிறவர்கள் காதிலிருக்கும் செவிச்சொல்லியைக் கழற்றி அதில் போட்டுவிட்டுத்தான் போகவேண்டும். பகல் ஷிப்டு முடித்து, உப்புப் பூத்த கைகளோடு வந்த பனிமயம், தன்னுடையதைக் கழற்றிப் போட்டாள். போட்ட மாத்திரத்தில் காது குளித்தெழுந்ததுபோல் ஆனது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது. சந்தையில் பிள்ளையின் கையை விட்டுவிட்டால் வருமே, அந்த மாதிரிப் பயம்.

பலகையில் ஒரே ஒரு சொல்: ஊடு. அன்றைக்கு அதுதான் வேர். மிதவைநகரின் பள்ளியில் அறிவியலுக்கு ஒரு மணி, புவியியலுக்கு ஒரு மணி என்று பிரிப்பதில்லை. ஒரு நாளுக்கு ஒரு வேர். சின்னப் பிள்ளைகள் முதல் ஆலைத் தொழிலாளிகள் வரை அன்று முழுக்க அந்த வேரைத்தான் பிடித்துத் தொங்குவார்கள்.

"மிளகாய்க்கு நடுவுல உளுந்து போட்டா ஊடுபயிர்," என்றாள் எப்சிபா டீச்சர். "எலும்பு முறிஞ்சா உடம்புக்குள்ள புகுந்து படம் எடுக்குறது ஊடுகதிர். வெளிச்சம் காத்து வழியாவும் போகும், தண்ணி வழியாவும் போகும். போற அந்த வழிக்குப் பேரு ஊடகம். எல்லாத்துலயும் என்ன இருக்கு?"

"நடுவுல பூந்து போறது," என்றாள் பனிமயம்.

"ஊடல்?" என்றார் பின் வரிசையிலிருந்து சேர்மக்கனி அண்ணாச்சி.

"அது வேற வேரு அண்ணாச்சி. அதை வீட்டுலயே வச்சுக்கங்க."

வகுப்பு சிரித்தது. அண்ணாச்சியும் சிரித்தார். பனிமயத்தைப்போல அவரும் ஆலையில் குழாய் சுரண்டுகிறவர்தான்.

செவிச்சொல்லி வந்து இரண்டு தலைமுறை ஆகிறது. ஊர் அதைக் காதுக்காரன் என்று கூப்பிடும். எந்தச் சொல் கண்ணில் பட்டாலும் அவன் காதுக்குள் வாசித்துப் பொருளும் சொல்லிவிடுவான். சொன்னது அந்த நிமிஷத்தோடு சரி. மண்டையில் ஒன்றும் தங்காது. தங்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை. பனிமயம் அ, ஆ கற்றதே தலை நரைக்க ஆரம்பித்த பிறகுதான்.

அவனால் நுழைய முடியாத இடம் ஊரில் ஒன்றே ஒன்று. நன்னீர் ஆலையின் காந்தக்கூடம். கடல்நீரைக் குடிநீராக்கும் எந்திரங்களின் கன்ட்ரோல் ரூம் அது. அங்கே சுற்றிலும் காந்தச்சுருள்கள், காதுக்காரன் ஊமையாகிவிடுவான். பழைய ஆட்கள் ஓய்வு பெற்றதும், தானாக ஒரு சொல்லை வாசித்து விளங்கிக்கொள்ளும் ஆள் ஊரில் இல்லை என்பது தெரிந்தது. அதன் பிறகுதான் இந்தப் பள்ளிக்கூடமே வந்தது.

இப்போது அங்கே ஒரு இடம் காலி. நிழல், நாற்காலி, குளிர்ந்த காற்று. பனிமயத்தின் வலது தோள் அந்த நாற்காலியை நினைத்தே ஒவ்வொரு நாளும் சுரண்டுகோலைத் தூக்கியது. அண்ணாச்சியின் முட்டிக்கும் அதே ஆசைதான். மறுநாள் காலை இருவருக்கும் சோதனை.

"நான் சொல்லித்தராத சொல்லுதான் அங்க வரும்," என்றாள் டீச்சர். "பயப்படாதீங்க. வேரைப் பிடிச்சு இழுங்க, செடி பின்னாலயே வரும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க. எந்திரத்தைக் கேக்கக் கூடாது."

காந்தக்கூடத்துக்குள் நுழைந்ததும் காதுக்குள் அடைத்துக்கொண்டதுபோல் ஒரு அமைதி. பனிமயத்தை முதலில் உட்காரவைத்தார்கள். அண்ணாச்சி சுவரோரம் பெஞ்சில் காத்திருந்தார். சோதனை நடத்த வந்திருந்த டீச்சர் ஒரு பொத்தானை அழுத்த, திரையில் சிவப்பாக எழுந்தது: எதிர்ச்சவ்வூடு அழுத்தம் மிகை.

பனிமயம் எழுத்துக்கூட்டி வாசித்தாள். எதிர், தெரியும். ஊடு, நேற்றுத்தான் பிடித்தது. அழுத்தம் மிகை, தெரியும். எதையோ ஊடுருவி, எதிர்ப்பக்கமாக, ஏதோ அளவுக்குமேல் அழுத்துகிறது. எதை? சவ்வு என்ற ஒரு சொல் மட்டும் தொண்டையில் சிக்கிய முள்ளாக நின்றது. பழக்கதோஷத்தில் காதைத் தொட்டாள். காதுக்காரன் வாய் திறக்கவில்லை.

கேட்டால் யாராவது சொல்வார்கள். ஆனால் மிதவைநகரில் யாரும் யாரிடமும் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்பதில்லை. 'காதுல ஆள் இருக்கையில அடுத்தவன் வாயைப் பாப்பானேன்' என்பது ஊர்ப் பழமொழி. மனிதரிடம் அர்த்தம் கேட்பது பிச்சைக்குக் கை நீட்டுவது மாதிரி. அதுவும் போட்டிக்கு வந்தவரிடமா?

திரை சிவந்துகொண்டே போனது. தோள் விண்ணென்று வலித்தது. பனிமயம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, சவ்வுன்னா என்ன?"

அண்ணாச்சி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் திரையைப் பார்த்தாள்.

"என் கண்ணுல வளந்திச்சில்லா," என்றார் அண்ணாச்சி மெதுவாக. "ஆபரேஷன் பண்ணி எடுத்தாவளே, அதுதான் சவ்வு. மெல்லிசாத் தோலு மாதிரி இருக்கும். வெளிச்சம் மட்டும் உள்ள வரும்."

தோல்! குழாய்க்குள்ளிருந்து அவள் இத்தனை காலம் உரித்து மாற்றிய வெள்ளைச் சுருள் கண்முன் வந்தது. ஆலையில் அதற்குத் தோல் என்றுதான் பெயர். அதன் ஊடாகத்தான் கடல்நீரைப் பிடித்துத் தள்ளுகிறார்கள். உப்பு இந்தப் பக்கம் நின்றுவிட, தண்ணீர் மட்டும் அந்தப் பக்கம் போகிறது. அழுத்தம் கூடினால் தோல் கிழியும், ஊருக்கு உப்புத் தண்ணீர் போகும். அவள் பம்பின் விசையைக் குறைத்தாள். திரை பச்சையானது.

"கேட்டது தப்பா டீச்சர்?"

"விதியில எந்திரத்தைக் கேக்கக் கூடாதுன்னுதான் இருக்கு. மனுசரைப் பத்தி ஒண்ணும் எழுதல," என்றாள் டீச்சர். "யாரும் கேக்க மாட்டாங்கன்னு விட்டிருப்பாங்க போல."

அண்ணாச்சிக்கும் சோதனை நடந்தது. அவரும் தேறினார். ஆனால் நாற்காலி ஒன்று. முதலில் தேறியவளுக்கே அது. அடுத்தது காலியானால் அண்ணாச்சிக்கு என்றார்கள்.

வெளியே வந்ததும் பனிமயத்துக்கு மனது கேட்கவில்லை. "சொல்லாம இருந்திருந்தா இடம் உங்களுக்குத்தானே அண்ணாச்சி. ஏன் சொன்னிய?"

அவர் முட்டியைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"எனக்கே தெரியலம்மா. இந்த வயசு வரைக்கும் ஒருத்தரும் என்கிட்ட ஒண்ணும் கேட்டதில்ல. நீ கேட்டதும் வாய் தானாத் தொறந்துட்டு."

செவிச்சொல்லியைக் காதிலிருந்து கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே நடந்தார். திரும்ப மாட்டவில்லை. ஆலை வாசலில் புதிதாக ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். அண்ணாச்சி நின்று, பாதிவரை எழுத்துக்கூட்டி, அவள் பக்கம் திரும்பினார்.

"எம்மா, இது என்ன போட்டிருக்கு?"

பனிமயத்துக்கும் தெரியவில்லை. இருவருமாக நின்று வேரைத் தேடினார்கள்.