அறுபத்து நான்காம் பக்கம்

வேலை முடிந்தது என்று நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிய பிறகுதான் ரிபேகா அந்த இரண்டு வரிகளைப் பார்த்தாள். பக்கம் கோக்கும் மென்பொருள் எழுதிவைக்கும் லாக்கின் அடியில், யாரும் போகாத இடத்தில் கிடந்தன. 'எழுத்து இல்லை: நெடில் ஆ, இந்த எழுத்துருவில். பக்கம் 64.' அதற்குக் கீழே அதே மாதிரி இன்னொன்று, நெடில் ஊ.

புத்தகத்தில் ஆட்கள் அறுபத்து மூன்று பேர்தான். ஆளுக்கு ஒரு பக்கம். முன்னால் ஒரு பெயர்ப் பட்டியல். பெயரைத் தொட்டால் அவரவர் பக்கத்துக்குக் கொண்டுபோய் விடும். பத்து வருடத்தில் காட்டு வேலையில் செத்தவர்களின் தொகுப்பு அது. மரம் மேலே விழுந்தவர், கயிறு அறுந்து அடிபட்டவர், ரம்பம் எகிறித் தொடை பிளந்தவர். பெயர், வயது, நாள், இடம், நேரம், நிகழ்ந்தது. அறுபத்து நான்காவது ஆள் கிடையாது.

"என்னம்மா, முடிஞ்சுதா?" ஃபெர்கஸ் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தான். கம்பெனி அவனுடையது. ஒரு காலத்தில் மரம் வெட்டியவன். இடது கையில் மூன்று விரல்தான் மிச்சம். "ரோட்டோருவா பிரஸ்காரன் அஞ்சு மணிக்கு ஷட்டர இறக்கிடுவான்."

"ரெண்டு வரி தகராறு இருக்கு."

"புத்தகத்துலயா?"

"லாக்குல."

"லாக்க எவன் படிக்கப்போறான்? செத்தவனா?"

"நான் படிப்பேன்."

"உன் கல்லறைக் கல்லுல ஒரு புள்ளி தப்பா விழுந்தாலும் எந்திரிச்சு வந்து திருத்திட்டுத்தான் படுப்ப நீ." சனிக்கிழமை நினைவுக் கூட்டத்துக்கு நாற்காலி ஏற்றிவர அவன் கிளம்பினான். படிகளில் பூட்ஸ் சத்தம் இறங்கியது. கீழே டயர் கடையில் காற்றடிக்கும் எந்திரம் ஒரு தடவை இருமிவிட்டு நின்றது. ஜூன் மாதக் குளிர்கால மழை டோக்கரோவா ஊர் முழுவதையும் ஈரச் சாக்கு மாதிரி மூடியிருந்தது. காகித ஆலையின் அழுகிய முட்டை வாடை ஜன்னல் இடுக்கு வழியாக நுழைந்து, ஹீட்டரின் சூட்டில் இன்னும் கெட்டியாகி, அறையிலேயே தங்கிவிட்டது. மணி மூன்றுகூட ஆகவில்லை. விளக்கைப் போட வேண்டியிருந்தது.

லாக்கைக் கடைசி வரி வரை படிக்கும் பழக்கம் அவளுக்குச் சும்மா வரவில்லை. முதல் வருடம் இதே கூட்டத்தில் ஒரு அம்மா புத்தகத்தைப் பிரித்து, மகன் பெயர்மேல் விரலை வைத்து, "என் பையன் பேர்ல ஒரு எழுத்து இல்லையே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. விரலை மட்டும் எடுக்கவில்லை. பக்கம் கோக்கும் அந்த மென்பொருள், டெக், அப்படித்தான் செய்யும். எழுத்துருவில் ஓர் எழுத்து இல்லையென்றால் வேலையை நிறுத்தாது, சத்தம் போடாது. அந்த எழுத்தை விழுங்கிவிட்டு, லாக்கில் மட்டும் ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடும். அன்றிலிருந்து ஒரு எச்சரிக்கை மிச்சமிருந்தாலும் புத்தகத்தை அவள் வெளியே விட்டதில்லை.

இந்தத் தடவை தலைப்பு எழுத்துருவை மாற்றியது ஃபெர்கஸின் ஆசை. கனமான, பார்க்க அழகான எழுத்து. ஆனால் மாவோரிப் பெயர்களுக்கு வேண்டிய, தலையில் கோடு போட்ட நெடில் ஒன்றுகூட அதில் இல்லை. காலையிலிருந்து பெயர் பெயராகத் தேடி, ஒவ்வொரு நெடிலையும் வேறு எழுத்துருவிலிருந்து எடுக்கச் சொல்லிக் கட்டளை போட்டிருந்தாள். பத்தொன்பது பெயர். பத்தொன்பதும் சரியாகிவிட்டன.

பிடிஎஃப்பின் பெயர்ப் பட்டியலுக்குப் போனாள். கடைசிப் பெயருக்குக் கீழே ஒரு வரி கூடுதலாக நின்றது.

ப்வோரா த்ரே, பக்கம் ??

அப்படி ஒரு பெயர் உலகத்தில் கிடையாது. எங்கோ ஒரு பழைய குப்பை உள்ளே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்று நினைத்தாள். கோப்புகளில் தேடினாள். ஒன்றிலும் இல்லை. பெயர் பெயராகப் போட்ட கட்டளை, கோப்பிலேயே இல்லாத பெயரை எப்படிப் பிடிக்கும்? மணி ஓடிக்கொண்டிருந்தது. அலுத்துப்போய், எல்லாவற்றுக்கும் தலையில் ஒரே ஒரு வரி எழுதினாள்: நெடில் எங்கே வந்தாலும், யாருடைய பெயரானாலும், மற்ற எழுத்துருவிலிருந்து எடு.

சேமித்தாள். டெக் தானாக ஓடியது. கோப்பு மாறினால் தானே ஓடவும், எண்கள் நிலைக்கும்வரை மறுபடி மறுபடி ஓடவும் அவள்தான் எப்போதோ அமைத்து வைத்திருந்தாள்.

லாக்கில் அந்த இரண்டு வரிகளும் போய்விட்டன. பட்டியலைப் பார்த்தாள்.

பாவோரா தூரே, பக்கம் ??

மரம் ஏற்றிய லாரி ஒன்று தெருவில் போனது. கண்ணாடி அதிர்ந்தது, மேசை அதிர்ந்தது. பாவோரா அவள் தம்பி. அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது. பள்ளிக்கூடத்துக்குச் சோறு கட்டியனுப்பியது முதல் பல் விழுந்தால் கூரைமேல் எறிந்தது வரை எல்லாம் அவள்தான். நேற்று சாயங்காலம் இதே அறைக்குக் காட்டுப்பன்றி எலும்பும் ஒரு கட்டுக் கீரையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவள் திரையில் கையை ஊன்றி, "செத்தவனுக்கெல்லாம் நல்ல வீடா கட்டிக் குடுக்குற. உயிரோட இருக்கறவன் கூரை ஒழுகுதே, அதப் பாக்க மாட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அந்தப் பயல் வேலையாகத்தான் இருக்கும். விளையாட்டுக்குத் தட்டிவிட்டிருப்பான். அவனை அழைத்தாள். எல்லைக்கு அப்பால் என்றது. மலையில் எப்போதும் அப்படித்தான்.

எந்தக் குப்பையானாலும் துணைக் கோப்பை அழித்தால் போய்விடும். டெக்குக்கு ஒரே ஓட்டத்தில் எதுவும் தெரியாது. முதல் ஓட்டத்தில் யார் எந்தப் பக்கத்தில் விழுந்தார் என்று துணைக் கோப்பில் குறித்துவைக்கும். அடுத்த ஓட்டத்தில் அந்தக் குறிப்பைப் பார்த்துப் பட்டியலில் எண் போடும். குறிப்பு இல்லாத இடத்தில் இரண்டு கேள்விக்குறி. ஆகவே துணைக் கோப்பை அழித்துவிட்டு ஒரு தடவை ஓட்டினால் எல்லாப் பெயருக்கும் கேள்விக்குறிதான் வரும், வர வேண்டும்.

அழித்தாள். தானே ஓடுவதை நிறுத்தி வைத்துவிட்டு, ஒரே ஒரு தடவை ஓட்டினாள்.

அறுபத்து மூன்று பேருக்கும் கேள்விக்குறி வந்தது. பக்கம் ??, பக்கம் ??, பக்கம் ??, வரிசையாகக் கீழே வரைக்கும்.

பாவோரா தூரே, பக்கம் 64.

ஹீட்டர் டிக் என்றது. அந்த எண்ணைத் தொட்டாள். இல்லாத இடத்துக்கு லிங்க் போட்டால் முதல் பக்கத்தில்தான் போய் நிற்கும். இது முதல் பக்கத்துக்குப் போகவில்லை. கடைசிக்குப் போனது.

பாவோரா தூரே. வயது: 41. நாள்: இன்றைய தேதி. இடம்: அவன் இந்த வாரம் வேலை செய்யும் மலைச்சரிவு. நேரம்: ??. நிகழ்ந்தது: ??

லாக்கில் ஒரே வரி. 'பக்கக் குறிப்புகள் மாறியிருக்கக்கூடும். மறுபடி ஓட்டுக.'

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். சூடு பட்டதுபோல எடுத்தாள். தேடி, விளக்கி, ஒவ்வோர் எச்சரிக்கையாகத் துடைத்து, இந்தப் பெயர் முழுசாக உள்ளே வர வழி செய்து கொடுத்தது யார்? இனி தொடமாட்டேன். ஓட்டமாட்டேன். கேள்விக்குறி அப்படியே கிடக்கட்டும்.

அவனுடைய மேஸ்திரி மனாயாவிடம் ஒரு போன் உண்டு. நீளக் கம்பி வைத்த சாட்டிலைட் போன், மலையிலும் எடுக்கும். அழைத்தாள்.

"யாரு, ரிபேகா அக்காவா? உன் தம்பி இங்கதான் இருக்கான். என் சோத்து டப்பாவையும் சேத்துக் காலி பண்ணிட்டு இருக்கான். நல்லா வளத்துருக்க, போ."

கண்ணை மூடித் திறந்தாள். "அவன்கிட்டக் குடு."

போன் கை மாறியது. மழைச் சத்தம். தூரத்தில் மரம் இழுக்கும் எந்திரத்தின் உறுமல்.

"என்னக்கா, எலும்பு வெந்துச்சா?"

"எங்கடா நிக்கிற?"

"வண்டிப் பக்கத்துல. ஏன், குரலே சரியில்ல?"

"வண்டிக்குள்ள ஏறி ஒக்காரு. நான் வந்து கூட்டிட்டுப் போறவரைக்கும் எறங்காத."

"மணி மூணே கால். இன்னும் ரெண்டு மணி நேர வேலை கெடக்கு. மனாயா என் தோல உரிச்சுத் தொங்கவிட்டுருவான்."

"சொல்றதச் செய்டா."

"சரி, சரி. கத்தாத."

திரை அசைந்தது. அவள் தொடவில்லை. கறுப்புக் கட்டத்தில் வரிகள் மேலேறி ஓடின, நின்றன. பிடிஎஃப் ஒரு தடவை வெளுத்துவிட்டு மறுபடி வந்தது.

நேரம்: பிற்பகல் 3.19.

நிகழ்ந்தது: மேற்படி பணியாளருக்குக் குடும்ப உறுப்பினர் ஒருவரிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. ஒலி தெளிவாக இல்லாமையால் அவர், எந்திரக் கோபுரத்தின் தாங்கு கயிறு கட்டப்பட்டிருந்த அடிமரத்தை நோக்கி நடந்தார்.

போனில் கரகரப்பு ஏறியது.

"அக்கா? விட்டு விட்டுக் கேக்குது. இரு, அந்த அடிமரத்துக்கிட்ட நின்னா நல்லா எடுக்கும்."

மழையில் ஊறிய வேர். இரண்டு பனை உயரக் கோபுரத்தைப் பிடித்து நிற்கும் எஃகுக் கயிறு. அறுபத்து மூன்று பக்கங்களில் நான்கு அதே கதை. அவள் கையாலேயே கோத்தது.

அழைப்பைத் துண்டிக்கச் சிவப்புப் பொத்தானில் கட்டைவிரலை வைத்தாள். திரை வெளுத்தது. 'அழைப்பு துண்டிக்கப்பட்டமையால், மீண்டும் அழைக்கும் பொருட்டு அவர் அடிமரத்தை நோக்கி நடந்தார்.' விரலை எடுத்தாள். திரை வெளுத்தது. 'ஒலி தெளிவாக இல்லாமையால்.'

துண்டித்தாலும் நடக்கிறான். பேசினாலும் நடக்கிறான்.

"போகாத," என்றாள்.

"என்ன?"

"போகாதடா. அங்க போகாத."

"போகவா?"

அவள் சொல்லின் வால் மழையில் எங்கேயோ விழுந்துவிட்டது. தலை மட்டும் அவனிடம் போய்ச் சேர்ந்தது. "போகாத, போகாத, போகாத" என்று கத்தினாள். தொண்டை கிழிந்தது.

"போறேன், போறேன். அதான் போறேன்ல? எத்தன தடவ சொல்லுவ." சிரித்தான். சேற்றில் பூட்ஸ். ஒவ்வொரு அடியாக. குரல் தெளிந்துகொண்டே வந்தது. "ஆங். இப்ப நல்லா கேக்குது. சொல்லு."

"ஓடு" என்று வாயசைத்தாள். கிழிந்த குரலில் காற்றுதான் வந்தது.

"சொல்லுக்கா."

மண்ணுக்குள்ளிருந்து எதையோ பிடுங்கும் சத்தம். ஈரமாக. நீளமாக. பிறகு காற்றைக் கிழித்துக்கொண்டு ஒன்று.

பிறகு மழை மட்டும்.

எந்திரம் நின்றது. ஆட்கள் ஓடிவந்தார்கள். தூரத்தில், பிறகு பக்கத்தில்.

"தூக்கு. கயிறத் தூக்குய்யா."

"பாவோரா. டேய். கண்ணத் தொறடா."

"மூச்சிருக்கா பாரு. மனாயா, மூச்சிருக்கா?"

திரை கடைசியாக ஒரு தடவை வெளுத்து நின்றது. நிகழ்ந்தது என்பதற்குக் கீழே பக்கம் நிறைந்திருந்தது. நறுக்கென்று, ஓரம் பிசகாமல். அவள் படிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போது போனில் ஒரு குரல் பேசியது. மிக அருகில், காதோடு வாய் வைத்ததுபோல. அந்தக் கூச்சலுக்கெல்லாம் இந்தப் பக்கத்தில். அவசரமே இல்லாமல்.

"பாவோரா தூரே. வயது நாற்பத்தொன்று."

தம்பியின் குரல். அவனேதான். பிறந்த நாளிலிருந்து ஒரு வாக்கியத்தைக்கூட ஒழுங்காக முடித்தறியாதவன், சிரிக்காமல் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லத் தெரியாதவன், அச்சில் இருப்பதைப்போலவே பேசினான். ஒவ்வொரு மெய்யும் அதனதன் இடத்தில். ஒவ்வொரு நெடிலும் முழு நீளத்துக்கு.

"ஒலி தெளிவாக இல்லாமையால் அவர், எந்திரக் கோபுரத்தின் தாங்கு கயிறு கட்டப்பட்டிருந்த அடிமரத்தை நோக்கி நடந்தார்."

"பாவோரா," என்றாள் அவள்.

"அங்கே செல்லுமாறு குடும்ப உறுப்பினர் அவரைப் பலமுறை வற்புறுத்தினார்."

பின்னால் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். மனாயா வயர்லெஸ்ஸில் ஹெலிகாப்டர் அனுப்பச் சொல்லிக்கொண்டிருந்தான். வேண்டாம், இனி அவசரம் இல்லை என்று அவனே சொன்னான். அவள் தலை தானாகத் திரைப் பக்கம் திரும்பியது. கண் தானாக ஓடியது, குரலுக்கு ஒரு வரி முன்னால். அது எதைச் சொல்லப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்தது, அது சொல்லும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

"கயிறு அவருடைய தாடையையும் கழுத்தையும் நசுக்கியது," என்றது பாவோராவின் குரல். "அதன் பின் அவர் எதுவும் பேசவில்லை."