துணிக்குள் இருந்தவள்

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பழைய பங்களாவில் பழங்காலப் புகைப்படக் கண்காட்சி. 2005, சித்திரை வெயில். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வெந்துகொண்டிருப்பானேன் என்று குமரேசன்தான் மனைவி ஜெயஸ்ரீயையும் ஆறு மாதக் குழந்தை யாழினியையும் கூட்டி வந்தான். உள்ளே ஈரச்சுவர் வாடையும் அந்துருண்டை வாடையும் கலந்து அடித்தன. ஜெயஸ்ரீக்கு அப்போதே மனசு ஒப்பவில்லை.

சுவர் முழுக்கக் கைக்குழந்தைகளின் படங்கள். ஒவ்வொரு குழந்தைக்குப் பின்னாலும், தலையோடு கறுப்புத் துணி போர்த்திய ஓர் உருவம். படங்களைச் சேகரித்த லாசரஸ் என்ற பெரியவர் விளக்கம் சொன்னார். அந்தக் காலத்துக் கேமராவுக்கு எட்டு எண்ணும் வரை அசையக் கூடாது. பச்சைக் குழந்தை சும்மா இருக்குமா? அதனால் பெற்றவளே துணிக்குள் உட்கார்ந்து பிடித்துக்கொள்வாளாம்.

நம்பும்படியாகத்தான் இருந்தது. ஆனால் எல்லாப் படத்திலும் அந்தத் தலை இடப்பக்கமே சாய்ந்திருந்தது. இத்தனை பிள்ளைகளுக்கும் ஒரே தாயா?

கடைசி அறையில் அதே மாதிரிக் கேமரா. எதிரே நாற்காலி, அதன்மேல் கறுப்புத் துணி. ஞாபகத்துக்கு ஒரு படம் எடுத்துத் தருகிறேன், துணியைப் போர்த்திக்கொண்டு உட்காருங்கள் என்றார் பெரியவர். தாலி கட்டிக்கொண்டவள் கறுப்பு முக்காடு போடுவதாவது! ஜெயஸ்ரீ கண்டிப்பாக மறுத்துவிட்டாள். குமரேசன் சிரித்துக்கொண்டே குழந்தையைத் துணிமேல் உட்காரவைத்து, அங்கே கிடந்த ஒரு தலையணையை முதுகுக்கு அண்டக் கொடுத்தான்.

"யாராவது புடிச்சுக்கணுமே..." என்று முணுமுணுத்தபடி லாசரஸ் கேமராவுக்குப் பின்னால் குனிந்தார்.

இன்னும் உட்காரப் பழகாத குழந்தை, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"சரிம்மா," என்றார் அவர், தலையை நிமிர்த்தாமலே. "துணிக்குள்ள தலை சாயுது. கொஞ்சம் நேரா வெச்சுக்குங்க."

ஜெயஸ்ரீ அவர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கினாள். உடனே வரவில்லை. பிடித்திருந்த யாரோ ஒரு கணம் யோசித்து, பிறகு கையை விட்டது போல இருந்தது.

பெரியவருக்குக் கண் மங்கிவிட்டது என்று வழியெல்லாம் குமரேசன் சமாதானம் சொன்னான். சேலையூரில் வீட்டுக்கு வந்ததும் குழந்தையைப் பாயில் படுக்கவைத்துவிட்டு அவள் பால் காய்ச்சப் போனாள்.

திரும்பி வந்தபோது யாழினி பாயில் உட்கார்ந்திருந்தாள். தலையணை இல்லை. சுவரும் இல்லை. பின்னால் எதுவுமே இல்லாமல், வாகாகச் சாய்ந்திருந்தாள்.

"அம்மாகிட்ட வாடா கண்ணு."

ஜெயஸ்ரீ இரண்டு கைகளையும் நீட்டினாள்.

குழந்தை அவளை ஏறிட்டுப் பார்த்தது. வேற்று மனுஷி தூக்க வந்தது போல உதடு பிதுங்க மிரண்டு, சட்டென்று திரும்பி, வெறும் காற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.