தொட்டிக்கு உறை மோர்

"ஐயோ, என்ன நாற்றம்!"

சரஸ்வதிக்கு எடுக்கும் வாணி விழா முடிந்த மறுநாள். விடுதிப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு கழிவுநீர்த் தொட்டியடியில் கூடி நின்றார்கள்.

அக்கராயனில் உள்ள அந்த விடுதியில் குளிக்கிற, கழுவுகிற தண்ணீரெல்லாம் அந்தத் தொட்டிக்குத்தான் வரும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும். பிறகு மெல்லிய சவ்வு வடிகட்டி ஒன்று தண்ணீரைத் தெளிவாக வடித்துவிடும். பிள்ளைகள் வைத்த மிளகாய்த் தோட்டத்துக்குப் போவது அந்தத் தண்ணீர்தான்.

தொட்டியைப் பராமரிக்கும் குகதாசன் தலையில் கை வைத்தான்.

"ஆர் பிளீச்சிங் பவுடர் கொட்டினது? நுண்ணுயிரெல்லாம் செத்துப்போச்சு. வடிகட்டியும் அடைச்சிட்டுது."

எல்லோரும் கஜனியைப் பார்த்தார்கள். விழாவுக்குக் கழிவறை பளபளக்க வேண்டுமென்று வாளி வாளியாகக் கரைத்து ஊற்றியவள் அவள்தான். ஆறாம் வகுப்புப் பிள்ளை. எதையும் அரைகுறையாகச் செய்யவே தெரியாது!

"நான்தான் அண்ணை," என்றாள். "திரும்ப வளராதோ?"

"வளரும். ஆனால் கனநாள் செல்லும்."

"அப்ப தொட்டியைப் பூட்டுங்கோ," என்றார் விடுதி அதிபர் நாகேஸ்வரி ரீச்சர். "கிணத்துத் தண்ணி எங்களுக்கே காணாது. தோட்டத்தை விடுவம்."

மழையோ இன்னும் இறங்கவில்லை. கன்றுகள் இப்போதுதான் பூத்திருந்தன. மத்தியானச் சோற்றைத் தொடாமல் கஜனி குசினி வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

உள்ளே சமையல்கார விமலேஸ்வரி அக்கா கெட்டுப்போன தயிரைக் கொட்டினார். "பிள்ளை, பக்கத்து வீட்டிலை கொஞ்சம் உறை மோர் வாங்கிக்கொண்டு வாறியோ?"

கஜனி துள்ளி எழுந்தாள். மோரை மறந்து தொட்டியடிக்கு ஓடினாள்.

"அண்ணை, வேறை எங்கையாவது இப்பிடித் தொட்டி இருக்கோ? அதிலை கொஞ்சம் எடுத்து இதுக்கை விட்டால் என்ன? தயிருக்கு உறை போடுறமாதிரி!"

"அது சரிவரும். ஸ்கந்தபுரம் அரிசி ஆலையிலை ஒண்டு இருக்கு. ஆனால் முதலாளி பரமலிங்கத்தார் உமியே தரமாட்டார். நான் முந்தி உமி கேட்டுப் பார்த்தனான், வாசலிலேயே கலைச்சுப்போட்டார்."

"நான் கேக்கிறன்."

அதிபரை நச்சரித்துக் கூட்டிக்கொண்டு போனாள். ஆலைக்கார பரமலிங்கம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"என்ன, ஊத்தைத் தண்ணியோ கேக்கிறாய்?"

"ஓம் ஐயா. என்ரை பிழையாலை எங்கடை தொட்டி செத்துப்போச்சு. உங்கடை தொட்டி உயிரோடை இருக்கு. தரும்வரைக்கும் போகமாட்டன்."

அவர் சிரித்துவிட்டார். "அரிசி கேட்டு வந்த ஆக்களைக் கண்டிருக்கிறன். இதைக் கேட்டு ஆரும் வரேல்லை. எடுத்துக்கொண்டு போ!"

அன்றே ஆலைத் தொட்டியின் சேற்றுநீர் நிரப்பிய பீப்பாய்கள் உழவு இயந்திரத்தில் ஏறின. வழி முழுக்க நாற்றம். கஜனி மூக்கைப் பொத்தவில்லை. குகதாசன் பழைய தண்ணீரை அகற்றி, வடிகட்டியைக் கழுவி, புதுச் சேற்றுநீரை ஊற்றினான். கஜனியோ ஒவ்வொரு காலையும் தொட்டியை எட்டிப் பார்த்தாள்.

அடுத்த கிழமை தோட்டக் குழாயில் தண்ணீர் தெளிவாக ஓடியது. வாடிநின்ற மிளகாய்க் கன்றுகள் தலை நிமிர்ந்தன.

அதிபருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "சரி கஜனி, உந்த நுண்ணுயிருகளுக்கு இனி நாளாந்தம் சாப்பாடு ஆர் குடுக்கிறது?"

"நாங்கள்தான் ரீச்சர்," என்றாள் கஜனி. "ஒழுங்காக் குளிச்சால் சரி!"