முப்பத்தெட்டாம் பாகையில் மஃரிப்

அந்தித் தொழுகையான மஃரிபுக்கு இன்னும் இரண்டு மணி நாற்பத்தொரு நிமிடம் இருப்பதாகச் சதக்கின் வக்துக்காட்டி சொன்னது. நேற்றும் அதையேதான் சொன்னது, நேற்று என்று ஒன்று இருந்திருந்தால். அவன் சிறகில் ஏறிய நாளிலிருந்து அது வேறெதையும் சொல்லவில்லை.

பழுதாக இருக்கும் என்று கழற்றிப் பார்த்தான். பழுதில்லை. ஐந்து வேளைத் தொழுகைக்கும் வக்தை, அதாவது உரிய நேரத்தை, வகுப்பது சூரியன். இருக்கும் இடத்தில் சூரியன் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்த்துக் கருவி கணக்கிடும். இங்கே இடம் மாறிக்கொண்டே இருந்தது, சூரியன்தான் சாயவில்லை.

இந்தக் கதிர்ச்சிறகு விமானத்தைச் செய்ததே அதற்காகத்தான். ஒரு கிலோமீட்டர் அகலம், முதுகு முழுவதும் ஒளித்தகடுகள். பூமி கிழக்கே சுழலும் அதே வேகத்தில், மணிக்கு ஆயிரத்து அறுநூற்றைம்பது கிலோமீட்டர், அது மேற்கே பறக்கும். ஓடும் பட்டைமேல் எதிர்த்து நடப்பவன் நின்ற இடத்திலேயே நிற்பதுபோல, சிறகு சூரியனுக்கு முன்னாலேயே நிற்கும். அந்தி கிடையாது, மின்சாரம் ஓயாமல் கற்றையாகக் கீழே இறங்கும். உள்ளிருந்த கடிகாரங்கள் எல்லாம் அந்தந்த இடத்து நேரத்துக்குத் தாமாக மாறிக்கொள்பவை. ஆகவே எப்போதும் பிற்பகல் மூன்று இருபது.

இரவில்லாத இடத்தில் முறைவேலை எதற்கு, தூக்கம் வந்தால் தூங்கட்டும் என்று வடிவமைத்தவர்கள் விட்டுவிட்டார்கள். ஆறு பேருக்கும் தூக்கம் வந்தது. ஆனால் வெயில் கண்ணைக் குத்தும்போது, மூன்று இருபதுக்கு வேலையைப் போட்டுவிட்டுப் படுக்க யாருக்கும் மனம் வரவில்லை. சதக்கு பிற்பகல் தொழுகையான அஸரைத் தொழுவான், மஃரிபுக்குக் காத்திருப்பான், காத்திருந்தே சோர்ந்துபோவான். கடைசியாக எப்போது இரவுத் தொழுகையான இஷாவைத் தொழுதான் என்று நினைவில்லை. சற்றுமுன், திறக்க வேண்டிய குளிர்குழாயை மூடிவிட்டான். ஒரு வரிசைத் தகடுகள் கருகின.

பொறுப்பாளர் எஸ்தர் தூத்துக்குடிக்காரர். அவர் கண்களும் சிவந்துதான் இருந்தன. கத்தவில்லை.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நாம ஆறு பேரும் கடலுக்குள்ளதான், சதக்கு. அடுத்து சாமான் ஏத்திட்டு வர்ற விமானத்துல நீ இறங்கிரு."

சதக்கு தலையாட்டினான். மறுப்பதற்குக்கூட அவனிடம் தெம்பில்லை.

சொந்த ஊரான காயல்பட்டினத்தைக் கடக்கும் நான்கு நிமிடம் மட்டும் வீட்டோடு பேசலாம். மனைவி சுலைகாவிடம் நடந்ததைச் சொன்னான். சூரியன் நகராத இடத்தில் கணக்கிட்டுத் தொழலாம் என்று மார்க்கம் கற்ற ஆலிம்சா சொன்னதை அவள் முன்பே சொல்லியிருந்தாள். எதை வைத்துக் கணக்கிடுவது என்பதுதான் அவனுக்குப் பிடிபடவில்லை.

"எங்களுக்கு அஸரே நீங்கதான் மச்சான்," என்றாள் அவள். "உங்க சிறகு மாடிக்கு நேரா மின்னுச்சுன்னா மோதினார் பாங்கு சொல்ல மைக்கைத் தட்டிடுறாரு. நேத்து மேகம் மறைச்சிட்டு, பாங்கே லேட்டு. பள்ளிவாசலுக்கே நேரம் காட்டுற ஆளு, எனக்கு நேரம் தெரியலங்குறீங்க."

தொடர்பு அறுந்தது. சதக்கு எதிரே இருந்த பலகையைப் பார்த்தான். அதில் ஓயாமல் நகர்ந்துகொண்டிருந்தது தீர்க்கரேகை முள் ஒன்றுதான். கிழக்கு எழுபத்தெட்டு.

தினம் ஒருமுறை ஊர் அடியில் வருகிறது. அப்போது அங்கே அஸர். பிறகு ஊர் பின்னால் போகப் போக, அங்கே பொழுது சாய்கிறது. முழுச் சுற்றுக்கு முந்நூற்றறுபது பாகை, இருபத்துநான்கு மணி. பாகைக்கு நான்கு நிமிடம். இரண்டு மணி நாற்பத்தொரு நிமிடம் என்றால் ஏறக்குறைய நாற்பது பாகை. முள் முப்பத்தெட்டைத் தொடும்போது அவன் வீட்டு மாடியில் சூரியன் மறையும்.

ஐந்து வேளைக்கும் கணக்கெழுதி எஸ்தரிடம் காட்டினான். அவர் அதை இரண்டு முறை படித்தார்.

"அந்த முப்பத்தெட்டுல நாங்களும் சன்னலை மூடிக்கிடட்டுமா?" என்று கேட்டார்.

அவன் இறங்கவில்லை. அன்று முதல் சிறகு அப்படித்தான் ஓடுகிறது. எழுபத்தெட்டில் அஸர். முப்பத்தெட்டில், எத்தியோப்பியாவுக்கு மேலே, மஃரிப். சாளரங்கள் எல்லாம் மூடப்படும். இருபதில் இஷா, நான்கு பேர் படுப்பார்கள், இரண்டு பேர் விளக்கேற்றிக்கொண்டு காவலிருப்பார்கள். மேற்கு நூற்றிருபத்துநான்கில், பசிபிக் நடுவே, விடியல் தொழுகை சுபுஹு. சாளரங்கள் திறக்கும், காவலிருந்தவர்கள் படுக்கப் போவார்கள். பிலிப்பைன்ஸ் கரை தெரியும்போது நண்பகல் தொழுகை லுஹர். வெளியே எப்போதும் மூன்று இருபது.