கை வைத்த பூ

பூமாரி போய்ச் சேர்வதற்கு முன்பே அந்தப் பூவில் யாரோ கை வைத்திருந்தார்கள்.

ஓட்டு வீட்டின் பின்சுவரை ஒட்டி நின்ற சீமைக்கொன்றையில் படர்ந்திருந்த வெனிலாக் கொடி அது. வெளிர்பச்சைப் பூ விடியும்போது விரியும், உச்சிவெயிலுக்குள் சுருண்டுவிடும். குமுளிக்கு மேலே இந்த மலைகளில் அதைக் காய்க்க வைக்கத் தெரிந்த வண்டு கிடையாது. மனிதக் கைதான் வேண்டும். பூவின் உதட்டை ஈர்க்குச்சியால் கீறி, உள்ளே நாக்குப்போல மூடியிருக்கும் சவ்வைத் தூக்கி, மகரந்தத்தைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். தோட்டத்தில் அதற்குப் பெயரே கல்யாணம். இந்தப் பூவுக்கும் கல்யாணம் முடிந்திருந்தது. ஆனால் ஈர்க்கு பட்ட சீரான கீறல் இல்லை. எதையும் பார்க்காமல் தடவிப் பிய்த்ததுபோல் உதடு கந்தலாகத் தொங்கியது.

அன்று அதற்குமேல் யோசிக்கவில்லை. புருஷன் குருசாமியின் அடி பொறுக்காமல் எஸ்டேட் லயத்து வீட்டை விட்டு ஒரு மாற்றுப்புடவையோடு இறங்கி வந்தவளுக்கு, ஒரு கேள்வியும் கேட்காமல் அடுக்களையை ஒட்டிய அறையைத் திறந்துவிட்டவள் தோட்டத்துச் சொந்தக்காரி சிசிலி. தன் கையாலேயே கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள், பூக்களுக்குக் கல்யாணம் முடிக்கும் வேலையும் தந்தாள். வீட்டில் இருந்த இன்னொரு ஆள் சிசிலியின் புருஷன் ஜிபி மட்டும்தான். பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாகப் பின்னறையில் கிடந்தார். அந்த அறைக்குள் சிசிலியைத் தவிர யாரும் போவதில்லை.

"சேச்சி, பின்பக்கக் கொடியில நீங்களா கை வச்சீங்க?"

"நானோ? ஊசியில நூல் கோர்க்கவே கண்ணு பிடிக்கலை மோளே." சிசிலி சிரித்தாள். "இன்னைக்கு எத்தனை கல்யாணம்?"

"எம்பதுக்கு மேல இருக்கும் சேச்சி."

மறுநாளும் பின்சுவர்க் கொடியில் நான்கு பூக்கள் அதேபோல் கந்தலாகக் கிழிந்திருந்தன. அதோடு ஒரு வாசம். வெனிலாப் பூ அருகில் முகர்ந்தாலும் லேசாகத்தான் மணக்கும். காயைப் பறித்து, வெந்நீரில் முக்கி, கம்பளியில் சுற்றி வாரக்கணக்கில் வியர்க்க வைத்த பிறகுதான் அந்தக் கொழுத்த இனிப்பு வாசம் பிறக்கும். போன வருஷம் பதப்படுத்திய காயெல்லாம் எப்போதோ விற்றுப் போயிருந்தது. ஆனாலும் பின்னறை ஜன்னலிலிருந்து அந்த வாசம் திரண்டு வந்தது. அதற்கு அடியில், நாள்பட்ட படுக்கையின் புளித்த ஈரவாடை.

மூன்றாம் நாள் வெளிச்சம் சரியாக வருமுன்பே போனாள். மூடுபனியில் மரங்கள் இடுப்புவரைதான் தெரிந்தன. காற்று இல்லை. ஓட்டிலிருந்து சொட்டிய நீரின் சத்தத்துக்கு நடுவே, ஏதோ மெல்லிதாகப் பிய்யும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. தோட்டம் முழுக்க ஓர் இலைகூட அசையாதபோது, பின்சுவர்க் கொடி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. கொடியின் நுனி ஜன்னல் கம்பிகளுக்கு இடையே உள்ளே போயிருந்ததை அப்போதுதான் பார்த்தாள்.

அவள் கால் சருகில் பட்டது. கொடி நின்றுவிட்டது.

அறைக்கு ஓடி வந்து பையை எடுத்தாள். கம்பம் போகும் முதல் பஸ் கிளம்பும் நேரம்தான். ஆனால் கம்பத்தில் குருசாமியின் அண்ணன்மார் இருந்தார்கள். திரும்பி எஸ்டேட்டுக்குப் போனால் குருசாமியே இருந்தான். பையைப் பிடித்தபடி அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"மோளே."

சிசிலி பின்னறை வாசலில் நின்றிருந்தாள். கதவு திறந்திருந்தது.

"கொஞ்சம் உள்ளே வா. ஒரு பூ இருக்கு. எனக்குக் கண்ணு பிடிக்கலை."

"உள்ளயா சேச்சி?"

"பேடிக்கண்டா. பயப்படாம வா."

சோறு போட்ட குரல் அது. பூமாரி பையை வைத்துவிட்டுப் போனாள்.

உள்ளே வாசம் இன்னும் கொழுத்திருந்தது. ஜன்னலோரம் கட்டில். கழுத்துவரை கம்பளி. ஜிபியின் கண்கள் திறந்திருந்தன. அவை பூமாரியைப் பார்த்தன.

தூங்கும் குழந்தையின் மேலிருந்து எடுப்பதுபோல, சிசிலி கம்பளியை மெதுவாக விலக்கினாள்.

ஜன்னல் வழியே வந்த கொடி கட்டில் காலைச் சுற்றி மேலே ஏறியிருந்தது. அதன் வெள்ளை வேர்கள் மரத்தைப் பிடிப்பதுபோலவே விலா எலும்புகளைப் பிடித்திருந்தன. சில தோலுக்கு மேலே. சில தோலுக்கு அடியில். நெஞ்சுக்குழியில் ஒரு பூ. விரிந்துகொண்டிருந்தது.

"ஜன்னலுக்கு வெளியே எட்டுற பூவெல்லாம் அவரே பாத்துக்குவார்." சிசிலியின் குரலில் பெருமை இருந்தது. "இது ஒண்ணுதான் எட்டலை. வெயில் ஏறுமுன்னே செய்யணும் மோளே."

அவள் கதவைச் சாத்திவிட்டு அதில் சாய்ந்துகொண்டாள்.

விடியலில் எடுத்த ஈர்க்கு இன்னும் பூமாரியின் கையில்தான் இருந்தது. குனிந்தாள். உதடு. சவ்வு. கட்டைவிரல். அழுத்தினாள்.

கட்டிலில் இருந்து ஒரு நீண்ட பெருமூச்சு வந்தது.

கையை எடுக்கப் போனபோதுதான் பக்கவாட்டில் பார்த்தாள். ஜிபியின் முழங்கைக்குக் கீழே கொத்துக் கொத்தாகக் காய்கள். நீளமாக, பச்சையாக, கொழுத்து. பூக்கிற மாதத்தில் காய் இருக்காதே. கை எங்கே முடிகிறது, காய் எங்கே தொடங்குகிறது?

தெரியவில்லை.

ஒரு கொத்து தலையணையை உரசியபடி நகர்ந்து வந்தது. அதில் ஐந்து காய்கள் ஒவ்வொன்றாக மடங்கி அவள் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டன. வெதுவெதுப்பாக இருந்தன.