பெயர் வெட்டிய தட்டு

இதனால் சகல ஜனங்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், முன்னாள் வார்டு மெம்பரும், ஏரிப் பாசனத்தில் நெல் நிலம் உடையவரும், சாதி மறுப்புத் திருமணம் ஒன்றைத் தம் சொந்த வீட்டிலேயே நடத்திக் காட்டியவருமாகிய மணவாளன் அவர்களின் இல்லத்துக்குப் பாத்திரம் கழுவும் மெஷின் வந்து சேர்ந்துவிட்டது. கவரைப்பேட்டைக்கு மேற்கே அப்படியொரு மெஷின் நுழைந்த முதல் வீடு அதுதான். பெண் குலத்தின் கைவிலங்கு அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, நல்ல நேரம் பார்த்து, தேங்காயோடு சேர்த்து உடைக்கப்பட்டது.

அறிவித்தவரும் மணவாளன்தான். மெஷினுக்கு மாலை போட்டிருந்தார்கள். வண்டியாக இருந்தால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கலாம். சக்கரம் இல்லாததால் நான்கு கால்களுக்கும் அடியில் வைத்தார்கள். மெஷின் ஒரு பக்கமாகச் சாய, பொருத்த வந்த ஆள் தலையில் அடித்துக்கொண்டான்.

"பெண்கள் அடுப்பங்கரையில் அடைபட்டுக் கிடந்த காலம் மலையேறிவிட்டது. இந்த மணவாளன் மேடையில் சொல்வதை வீட்டில் செய்து காட்டுபவன்" என்று அவர் கூடத்தின் நடுவில் நின்று பேசினார். மேடை என்று ஒன்று கிடைத்தால் அவருக்கு அச்சுத் தமிழ் வந்துவிடும்.

பக்கத்து வீட்டுத் துளசிராமன் மெஷினுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "கருவாட்டுச் சட்டி போடலாமாண்ணா?" என்று கேட்டார்.

"தாராளமா போடு. விஞ்ஞானத்துக்குக் கருவாடும் ஒண்ணுதான், கத்திரிக்காயும் ஒண்ணுதான்."

எல்லோரும் தலையாட்டினார்கள். டீ குடித்தார்கள். அந்த டம்ளர்களைப் பின்கட்டுக் குழாயடியில் உட்கார்ந்து சோனியா கையால் கழுவினாள். மெஷினுக்கு இன்னும் பைப் இணைக்கவில்லை.

மருமகள் சோனியா அத்திப்பட்டு காலனிக்காரி. அப்பா தேசப்பனுக்கு அங்கே மின் நிலையத்தில் சாம்பலை லாரியில் ஏற்றுகிற வேலை. சோனியா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வண்டி உதிரிப் பாகம் செய்கிற கம்பெனியில் சரக்கு சோதித்துப் பார்ப்பவள். அதே கம்பெனியில் சூபர்வைசர் விமல். கம்பெனி பஸ்ஸில் ஆரம்பித்த பேச்சு கல்யாணத்தில் முடிந்தபோது ஊரே அரிவாளை எதிர்பார்த்தது. மணவாளன் மாலையை எடுத்தார். அன்றிலிருந்து சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்யாண மேடையிலும் அவர் தம் மருமகளைப் பற்றிப் பேசாமல் இறங்கியதில்லை. மருமகளோடு பேசியதைவிட மருமகளைப் பற்றிப் பேசியது அதிகம்.

பகலெல்லாம் கம்பெனியில் எண்ணெய், வந்தால் வீட்டில் சோப்பு. அவள் விரலிடுக்குகள் வெடித்து, ராத்திரியில் எரியும். அதைப் பார்த்துத்தான் விமல் தவணையில் மெஷினை எடுத்தான். அந்தப் பெருமையை அவன் அப்பாவுக்கு விட்டுக்கொடுத்தான். பெருமை அந்த வீட்டில் ஒரே ஆளுக்குத்தான் அளந்து வைத்திருந்தது.

கழுவிய டம்ளர்களைச் சோனியா கூடையில் கவிழ்த்தாள். மாமியார் பூவம்மாள் வழக்கம்போல ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்து, கூடை மேல் ஊற்றி, உள்ளே எடுத்துக்கொண்டு போனாள்.

"நல்லாத்தான் அலசினேன் அத்தை."

"சோப்பு வாடை போவட்டும்மா" என்றாள் பூவம்மாள், முகத்தைப் பார்க்காமல்.

நான்கு வருடமாக அந்தச் சொம்பும் அந்தப் பதிலும் இருந்தன. பெரியவங்களுக்குச் சுத்தம் அதிகம் என்று சோனியா நினைத்திருந்தாள்.

அன்று ராத்திரி பைப் இணைந்தது. விமல் போனில் வீடியோ பார்த்துப் பார்த்துத் தட்டுகளை வரிசையாகச் சொருகினான். அந்த வீட்டில் எல்லாத் தட்டிலும் பெயர் வெட்டியிருக்கும். 'T. மணவாளன்', 'M. விமல்', புதுமனை புகுவிழாவில் வந்தவர்கள் பெயர், செத்துப்போன பெரியப்பா பெயர்கூட.

"உங்க தட்டு எங்க அத்தை?" என்றாள் சோனியா.

பூவம்மாள் சிரித்தாள். "எனுக்கேது தட்டு? உங்க மாமா துன்ட்டு எழுந்தா அதுலயே போட்டுக்குவேன். கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து அப்புடித்தான்."

பின் ஜன்னல் மேடையில் இருந்த தன் தட்டைச் சோனியா எடுத்து வந்தாள். கல்யாணமான மறுவாரம் பூவம்மாள் கொடுத்தது. 'V. சோனியா' என்று பூப்போட்டு வெட்டிய கனமான எவர்சில்வர் தட்டு, கூடவே டம்ளர். அத்திப்பட்டு வீட்டில் ஐந்து பிள்ளைகளுக்கு மூன்று தட்டு. தனக்கென்று ஒரு தட்டு, அதில் தன் பெயர்... அன்று அவள் குழாயடியில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். இப்போது மூன்று வயது மகள் தமிழ்செல்விக்கும் அந்தத் தட்டிலிருந்துதான் ஊட்டுகிறாள். அந்தத் தட்டு இல்லாமல் குழந்தை வாய் திறக்காது.

தட்டைக் கடைசி இடுக்கில் சொருகினாள். பூவம்மாளின் கை நீண்டு வந்து அதை வெளியே எடுத்தது.

"இது வேணாம்மா. பேரு வெட்டிக்கீதில்ல, அழிஞ்சிடப் போவுது."

"மாமா தட்டுலயும் பேரு வெட்டியிருக்குதே அத்தை."

விமல் மெஷினுக்குப் போடும் சோப்பு மாத்திரையின் உறையைப் பிரிக்கவே தெரியாதவன் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கூடத்தில் நாற்காலி நகர்ந்தது. மணவாளன் சமையலறை வாசலில் வந்து நின்றார். கையில் மெஷினோடு வந்த விளக்கப் புத்தகம்.

"அது வந்தும்மா... நான் இதைப் படிச்சிப் பார்த்தேன். குழாயடின்னா தண்ணி ஓடிக்கினே இருக்கும். மெஷின் இருக்கானே, இவன் தண்ணி மிச்சம் பண்றேன்னு, புடிச்ச தண்ணியவே மேல கீழ திருப்பித் திருப்பிப் பீச்சறான். எல்லாத்துக்கும் ஒரே தண்ணி." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஒரே தண்ணிம்மா. அதான். மத்தபடி எங்க ஊட்ல அந்த வித்தியாசம்லாம் கிடையாது. உனுக்கே தெரியும்."

அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

சொம்புத் தண்ணீர் தெரிந்தது. ஜன்னல் மேடை தெரிந்தது. 'உன் கைக்கு எட்டற மாதிரி வச்சிருக்கேம்மா' என்று தட்டைக் கொடுத்த அன்று பூவம்மாள் சொன்னது தெரிந்தது. கையால் கழுவுகிறவரை யாரும் வாய் திறந்து சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை. மற்றவர்கள் தட்டு முதலில், அவள் தட்டு கடைசியில், அவள் கையாலேயே. தன்னைத் தானே ஒதுக்கி வைத்துக்கொண்டு, அதற்குப் பாசம் என்று பெயரும் வைத்திருந்தாள். பாழாய்ப்போன மெஷின் வந்து அவர்களைச் சொல்ல வைத்துவிட்டது.

தட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். உள்ளே மெஷின் மெல்ல உறுமத் தொடங்கியது. விமல் பின்னால் வந்து நின்றான்.

"உனுக்குத் தெரியுமா?" என்றாள், திரும்பாமல்.

"நைனா அந்தக் காலத்து மனுசன் சோனியா. கல்யாணத்துக்கு ஒத்துக்கினதே பெருசு. மெதுவா மாறுவாரு."

"உனுக்குத் தெரியுமான்னு கேட்டேன்."

அவன் மெஷினைப் பார்க்க உள்ளே போனான். அவள் தட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஏற்கெனவே சுத்தமாக இருந்த தட்டு.

மறுநாள் கம்பெனியில் சாப்பாட்டு வேளையில் அம்மா சாராளுக்குப் போன் போட்டாள். சாராள் மகளைப் பார்க்க வரும்போதெல்லாம், ஏதோ ஒரு காரணத்துக்காக உபவாச ஜெபத்தில் இருப்பாள். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். அவ்வளவு பக்தியான சம்பந்தி என்று மணவாளன் மேடையில் சொல்வதுண்டு.

"யம்மா, எங்க ஊட்டுக்கு வந்தா மட்டும் உனுக்கு எப்புடி உபவாசம் வருது?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"மொத தபா வந்தப்பவே ஜன்னல்ல உன் தட்டைப் பார்த்துட்டேன்டி."

"ஏம்மா சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ அதுல சோறு துன்னிருப்பியா? வாய்க்கும் வயித்துக்கும் நிம்மதியா இருக்கறியேன்னு வுட்டுட்டேன்... கர்த்தர் பாத்துக்குவாருன்னு இருந்தேன்."

அன்று சோனியா டப்பாவைத் திறக்காமலே மூடினாள்.

வாரம் முழுக்க வீட்டில் மெஷின் மட்டும்தான் பேசியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை நாஷ்டாவுக்கு எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தபோது மணவாளன் ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். குட்டித் தட்டு. 'V. தமிழ்செல்வி' என்று வெட்டியிருந்தது.

"இன்னையிலேர்ந்து என் பேத்திக்குத் தனித் தட்டு. மெஷின்ல எங்க தட்டுங்களோட போவும். அது எங்க ரத்தம், அதுல ஒண்ணும் இல்ல." பிறகு, போகிற போக்கில் சொல்வது போல, "ஆனா சோனியா, இனிமே உன் தட்டுலேர்ந்து ஊட்டாதம்மா. பழக்கத்தை மாத்திடு. அப்புறம் ரெண்டு தட்டும் ஒண்ணா ஆயிடும்."

சோனியா இட்லித் தட்டைக் கீழே வைத்தாள்.

"என் பொண்ணு என் தட்டுல சாப்பிடக் கூடாதா மாமா?"

"கூடாதுன்னு எவன் சொன்னான்? வேணாம்னுதான சொல்றேன்."

"நாலு வருசம் உங்க எச்சில் தட்டையெல்லாம் இந்தக் கையாலதான் கழுவினேன். அப்ப ஒட்டல. இப்ப என் பொண்ணு வாய்க்கு நான் ஊட்டினா ஒட்டிக்குமா?" குரல் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை. "என் தட்டு எங்க இருந்தாலும் சரின்னு இருந்துட்டேன். அவளைப் பிரிச்சி வச்சீங்கன்னா, நான் இங்க இருக்கமாட்டேன்."

"இன்னா பேச்சு பேசறா பாத்தியா? ஊரே என்னா சொன்னுச்சு, நான் மாலை போட்டுக் கூட்டியாந்தேன். அந்த நன்றி..." மணவாளனுக்கு அச்சுத் தமிழ் வரவில்லை. "டேய் விமல், இன்னாடா வேடிக்கை பாக்கற?"

விமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். குட்டித் தட்டில் வைத்த இட்லியைக் குழந்தை தள்ளிவிட்டது. "அம்மா தட்டு... அம்மா தட்டு" என்று கேவியது. சோனியா அறைக்குள் போனாள். அலமாரி திறக்கும் சத்தமும் பையின் ஜிப் இழுக்கும் சத்தமும் கூடத்துக்குக் கேட்டன.

பூவம்மாள் எழுந்தாள். அவள் இன்னும் சாப்பிடவில்லை, புருஷன் தட்டு காலியாகக் காத்திருந்தாள். பின் ஜன்னலுக்குப் போய் அந்தத் தட்டை எடுத்து வந்து, இட்லி வைத்து, சாம்பார் ஊற்றி, மணவாளனுக்கு எதிரிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

"ஏய், இன்னா பண்ற நீ?"

"துன்றேன்."

"பூவு, அது யார் தட்டுன்னு..."

"தெரியும்யா. நானே பேரு வெட்டச் சொல்லிக் குடுத்தது. நீ சொல்லித்தான் குடுத்தேன்." மென்றுகொண்டே பேசினாள். கண்ணிலிருந்து தண்ணீர் இட்லி மேல் விழுந்தது. "உன் எச்சில் தட்டுல துன்னு துன்னே கெழவி ஆயிட்டேன். அது ஆவும். கழுவி வச்ச இவ தட்டு ஆவாதா? எனுக்கு இன்னிக்கித் தட்டு மாத்திக்கணும்னு தோணுச்சு. மாத்திக்கினேன்."

குழந்தை ஓடிவந்து அவள் மடியில் ஏறி, அந்தத் தட்டைப் பார்த்து வாயைத் திறந்தது. பூவம்மாள் ஒரு விள்ளல் ஊட்டினாள்.

பையோடு வந்த சோனியா வாசற்படியில் நின்றுவிட்டாள்.

"உக்காரும்மா" என்றாள் பூவம்மாள். "சொம்புல தண்ணிய ஊத்தும்போதெல்லாம் என் கை கூசும்டி. கூசிக்கினே ஊத்தினேன். அந்தப் பாவம் எனுக்குத்தான்... உக்காந்து துன்னு. எங்கியும் போவாத."

சோனியா போய் அவள் தோளில் முகத்தைப் புதைத்தாள். அழுதது யார், தேற்றியது யார் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பூவம்மாளின் சாம்பார்க் கை மருமகளின் முதுகில் படாமல் காற்றில் நின்று, பிறகு பட்டுவிட்டது.

விமல் எழுந்தான். தாமதமாகத்தான் எழுந்தான், ஆனாலும் எழுந்தான். சாப்பிட்டு முடித்த அந்தத் தட்டை வாங்கி, அப்பாவின் தட்டுக்கும் தன் தட்டுக்கும் நடுவில் சொருகி, மெஷினை மூடிப் பொத்தானை அழுத்தினான். உள்ளே தண்ணீர் பீச்சுகிற சத்தம் கேட்டது.

மணவாளன் நெடுநேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். அவருடைய கண்களும் கலங்கின. கடைசியில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சோனியாவின் தலையில் கை வைத்து, "இந்த வீட்டில் இன்று முதல் எல்லோருக்கும் ஒரே தண்ணீர்" என்று அறிவித்தார். ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்த துளசிராமன் கைதட்டினார்.

மறுநாளிலிருந்து மணவாளன் வாழை இலையில்தான் சாப்பிடுகிறார். உடம்புக்கு நல்லதாம்.